ஆதாரில் 19, டி.சி.யில் 17

2022 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அக்காவிடமிருந்து போன். “தம்பி, பயலைப் போலீஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்கடா.” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் “அழாத தாயி, அழாத” என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

எங்கள் ஊர் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், கலெக்டருக்குக் கொடுக்கும் திங்கட்கிழமை மனு, எதுவானாலும் தட்டச்சு செய்து தருவேன். பதினைந்து வருடமாக இதுதான் தொழில். என் கடையிலிருந்து கோர்ட் வளாகத்துக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அந்த வளாகத்துக்குள்ளேயே இலவச சட்ட உதவிக்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. அன்று ராத்திரி எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. போர்டைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போய் என்னவென்று கேட்டதில்லை.

இதில் யார் பெயரும் இருக்காது. அக்கா மகன் பெயரை எழுதக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 18 வயது முடியாத பிள்ளைகளுக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவு. மற்றவர்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் நானாக விட்டுவிடுகிறேன்.

பையன் ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். அத்தான் இறந்த பிறகு அக்காவால் அவனைப் பள்ளிக்கூடத்தில் பிடித்துவைக்க முடியவில்லை. தண்ணீர் கேன் வண்டியில் வேலைக்குப் போனான். அங்கே கூடவேலை செய்த இரண்டு பேர், ஒருவனுக்கு 21, இன்னொருவனுக்கு 23. கல்யாண மண்டப வாசலில் நின்ற ஒரு பைக்கை அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்பது கேஸ். நாலைந்து நாள் அந்த வண்டியை இவனும் ஓட்டியிருக்கிறான். அவன் ஒன்றும் அறியாதவன் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டாவது நாளே அது அவர்கள் வண்டி இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதைப் பிறகு அவனே என்னிடம் சொன்னான்.

ஸ்டேஷனுக்குப் போனபோது மணி ஒன்பதரை. ரைட்டர் நிமிர்ந்து பார்க்காமல் “காலையில வாங்க” என்றார். பெஞ்சுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான் பையன். மேலே சட்டை இல்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அவனைப் பார்த்த மாத்திரத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தப் பயம் சும்மா வருவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதும், இரண்டு பேரும் உயிரோடு வீடு திரும்பாததும் இந்தப் பக்கத்து அம்மாக்கள் எல்லோருக்கும் தெரியும்.

“ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு கொண்டாங்க” என்றார் ஏட்டையா. ஓடிப்போய்க் கடையைத் திறந்து, என் மிஷினிலேயே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்த ராத்திரியில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஊரில் ஆதார் கேம்ப் போட்டபோது அக்காவுக்குப் பையனின் பிறந்த தேதி சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர் 01-01-2003 என்று போட்டுவிட்டார். ஜனவரி 1ஆம் தேதி பிறந்ததாக ஆதாரில் இருக்கும் ஆட்களை என் கடையில் தினமும் பார்க்கிறேன். ஒரு தெருவில் பாதிப் பேர் அதே தேதியில் பிறந்தவர்களாக இருப்பார்கள். இருந்தும் அன்று எனக்கு உறைக்கவில்லை. கையில் இருந்த தாளை நீட்டிவிட்டேன். பேப்பரில் அவன் வயது 19 என்று ஏறிவிட்டது.

வெளியே வந்தால், டீக்கடை பெஞ்சில் ஒருவர். கூப்பிட்டு உட்காரவைத்து, ஆறுதலாகப் பேசினார். “ஸ்டேஷன்லயே பெயில் வாங்கிரலாம், நம்ம வக்கீல்தான், எட்டாயிரம் ஆகும்” என்றார். சனிக்கிழமை காலை அடகுக்கடை திறந்ததும் அக்கா தோட்டைக் கழற்றி வைத்துப் பணம் கொடுத்தாள். பதினொரு மணிக்கு அந்த ஆளின் போன் சுவிட்ச் ஆஃப்.

சனிக்கிழமை மதியம் மூன்று பேரையும் மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். ஃபைலோடு ஒரு இளம் வக்கீல் அம்மா எங்களைத் தேடி வந்தார். முப்பது வயது இருக்கலாம். “நீங்க அந்தச் சின்னப் பையனுக்கு யாரு?” என்றார். தாய்மாமன் என்றேன். அடுத்த கேள்வி, “பையனுக்கு நெஜமா வயசு என்ன?”

முந்தின ராத்திரியிலிருந்து அதை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“பதினேழு நடக்குதும்மா.”

“பேப்பர்ல 19 இருக்கே. பத்தாவது மார்க் ஷீட் இருக்கா?”

“ஒம்பதோட நின்னுட்டான்.”

“டி.சி. வாங்கினீங்களா?”

அக்காதான் சொன்னாள். ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்று போன வருடம் வாங்கிவைத்தது, டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று. வக்கீல் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு மணி நேரத்துல கொண்டுவர முடியுமாண்ணே? நான் அய்யாகிட்ட டைம் கேட்டு வைக்கிறேன்.”

அக்கா வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போனேன். பெட்டியைத் திறந்தால் மேலே அத்தானின் வேட்டி, கீழே பழைய ரேஷன் கார்டு, அத்தானின் இறப்புச் சான்று, ஜவுளிக்கடை மஞ்சள் பையில் மடித்துவைத்த டி.சி. பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. 14-06-2005, பதினான்கு ஜூன் இரண்டாயிரத்து ஐந்து. அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது முழங்காலில் ஒரு மச்சம். அந்த வரியைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. ஐந்து வயதில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டவுசரைத் தூக்கி அந்த மச்சத்தை வாத்தியாரிடம் காட்டியவன் நான்தான்.

மாஜிஸ்திரேட் டி.சி.யை வாங்கிப் பார்த்தார். பையனை அருகே கூப்பிட்டு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் நின்றாய் என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டார். அதன் பிறகு மற்ற இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். இவனை, பிள்ளைகள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பவும், அதுவரை கூர்நோக்கு இல்லத்தில், அதாவது வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் இல்லத்தில், வைக்கவும் உத்தரவானது. அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் அவனும் அதே வேனில் பதினைந்து நாள் ஜெயிலுக்குத்தான் போயிருப்பான்.

வக்கீல் அம்மாவிடம் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். “நான் சட்டப் பணிகள் ஆணைக்குழு போட்ட ஆள்ணே. நீங்க ஒரு பைசா தர வேண்டாம். யாராவது என் பேரைச் சொல்லிக் கேட்டாலும் தராதீங்க” என்றார். அக்கா மூளியாக இருந்த காதைத் தொட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நாங்கள் கெஞ்சிக் கேட்கப் பார்த்ததெல்லாம் ஏற்கெனவே அவனுக்கு உரியவை.

18 வயது முடியாத பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 10வது பிரிவு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், பிள்ளை அவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. இலவச சட்ட உதவிக்காக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போலீசே தகவல் கொடுக்க வேண்டும். இதெல்லாம் அந்தச் சட்டத்திலும், அதற்காக 2016இல் வந்த ‘மாதிரி விதிகள்’ என்ற விதிகளிலும் வரிவரியாக இருக்கிறது.

எங்கள் பையனிடம் அன்று ராத்திரி நாலு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவன் அதை எங்களிடம் சொல்லவே இல்லை. வக்கீல் அம்மா தனியாக உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் சொன்னான். குழுமத்தின் முன் அவர் முதலில் எடுத்துவைத்ததே அதைத்தான்.

ஜாமீன் விஷயத்திலும் பிள்ளைகளுக்குச் சட்டம் தலைகீழ். பெரியவர்களுக்கு, இது ஜாமீன் கிடைக்கும் குற்றமா, கிடைக்காத குற்றமா என்று முதலில் பார்ப்பார்கள். பிள்ளைக்கு 12வது பிரிவின்படி, எந்தக் குற்றமானாலும் ஜாமீனில் விடுவதுதான் முறை. வெளியே விட்டால் கெட்ட கூட்டத்தோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெட்டுவிடும் என்று நியாயமான காரணம் இருந்தால்தான் மறுக்கலாம், அந்தக் காரணத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆள் ஜாமீன் கேட்டேயாக வேண்டும் என்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை குழுமம் கூடியபோது அக்கா எழுதிக்கொடுத்த உறுதிமொழியின் பேரில் பையனை வீட்டுக்கு விட்டார்கள். மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குழுமத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோர்ட் என்றதும் அக்கா மனதில் சினிமாக் கோர்ட்தான் இருந்தது. அங்கே மேடை இல்லை, கூண்டு இல்லை. சாதாரண அறை. ஒரு மாஜிஸ்திரேட், கூட இரண்டு சமூகப் பணியாளர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. பையனை எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நாலு நாளில் அவனை உட்காருப்பா என்று சொன்ன இடம் அது ஒன்றுதான். என்ன சாப்பிட்டாய் என்று அந்த அம்மா கேட்டதும் உடைந்து அழுதுவிட்டான். எல்லா ஊரிலும் எல்லா நாளும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2022 கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பிள்ளை அடிபட்டுச் செத்தது, அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அக்கா இரண்டு வேளை சாப்பிடவில்லை. தன் பிள்ளை அப்படி ஓர் இல்லத்தில் மூன்று ராத்திரி இருந்துவிட்டு வந்தவன் என்ற நினைப்பு அவளை விடவில்லை. பிள்ளைக்கு ஒரு வக்கீல் இருப்பது ஜாமீனுக்கு மட்டும் இல்லை. இல்லத்தில் அவனை வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்த்து, சட்டையைக் கழற்று, முதுகைக் காட்டு என்று கேட்கவும் ஒரு ஆள் வேண்டும்.

“மீசை முளைச்ச பயலெல்லாம் குழந்தையா?” என்று ஸ்டேஷனில் ஒருவர் கேட்டார். ஊரிலும் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், பெரிய கேஸ் ஏதாவது டி.வி.யில் வந்தால் எல்லோரும் கேட்கிறார்கள். 16 முதல் 18 வரை உள்ளவர்கள் கொடுங்குற்றம் செய்ததாக வழக்கு வந்தால், அவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் ஆய்வு செய்யும். 2015 சட்டத்தில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வழக்கில்தான் நல்ல வக்கீல் உயிர்நாடி. ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைத் தனியாக நடத்த வேண்டும் என்று, குழந்தைகள் சட்டம் என்ற பெயரிலேயே, இந்திய மாகாணங்களில் முதலில் சட்டம் போட்டது நம்முடைய சென்னை மாகாணம்தான், 1920இல். நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே புரிந்த விஷயம் இது.

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். புனேயில் 1994இல் நடந்த கொலை வழக்கில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 28 வருடம் ஜெயிலில் இருந்தார். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. காரணம், சம்பவம் நடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டரை. அதை நிரூபித்தது ராஜஸ்தானில் அவர் படித்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பதிவு. தான் சிறுவன் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும் வைக்கலாம், வழக்கு முடிந்த பிறகும் வைக்கலாம் என்று சட்டம் சொல்வதால்தான் அது முடிந்தது. ஆனாலும் 28 வருடம் போனது போனதுதான். பள்ளிக்கூடப் பதிவு அத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

வயதுக்கு எந்தத் தாள் செல்லும் என்பதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94வது பிரிவில் வரிசை இருக்கிறது. முதலில் பள்ளிக்கூடம் தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாவது மார்க் ஷீட். அது இல்லை என்றால் நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் வயதைக் கண்டுபிடிக்கும் எலும்பு சோதனை. இந்த வரிசையில் ஆதார் கிடையாது. ஆதார் அட்டை பிறந்த தேதிக்கான அத்தாட்சி ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே தயவுசெய்து, ஸ்டேஷனில் ஆதார் கேட்டால் கொடுங்கள், ஆனால் கூடவே பள்ளிக்கூடத் தாளையும் கொடுங்கள். தாள் இல்லை என்றால் தலைமை ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும்.

சரி, இலவச வக்கீலை எங்கே போய்க் கேட்பது? 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நாடு முழுக்க அதே எண்தான். பிள்ளைகள் விஷயம் என்றால் 1098ம் இருக்கிறது. அதைவிட நேர் வழி, கோர்ட் வளாகத்துக்குப் போவது. மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு. ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஸ்டாம்ப் வேண்டாம், கட்டணம் வேண்டாம். எழுதத் தெரியாது என்றால் வாயால் சொல்லலாம், அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். பிள்ளைக்கு, பெண்ணுக்கு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு, காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பே கிடையாது. 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12வது பிரிவு அது. வருமானச் சான்று கொண்டுவா என்று யாராவது அலையவிட்டால், காவலில் இருக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. சுக் தாஸ் வழக்கு, 1986. வக்கீல் இல்லாமலேயே விசாரித்துத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அவர் வக்கீல் கேட்கவில்லையே என்றது அரசுத் தரப்பு. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏழைக்கும் எழுத்தறியாதவருக்கும் தனக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது, அதைச் சொல்ல வேண்டியது கோர்ட்டின் கடமை, சொல்லாமல் கொடுத்த தண்டனை செல்லாது என்று ரத்து செய்தது. நாம் கேட்கவில்லை என்பதால் நம் உரிமை போய்விடாது என்று அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

“ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?” இதுதான் ஜனங்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. காசு கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று நாம் பழகிவிட்டோம். தோட்டை அடகுவைத்து எட்டாயிரம் கொடுத்ததற்கு எங்களுக்கு என்ன நடந்தது என்று நான் திரும்பச் சொல்கிறேன். இதற்கென்று 2010இல் வந்த ஒழுங்குமுறையின் பெயரிலேயே ‘இலவச’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘திறமையான’ என்ற சொல்லையும் வைத்திருக்கிறார்கள். சுமாரான வக்கீல்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. வாய்தாவுக்கு வராதவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படி என்றால் வக்கீலை மாற்றச் சொல்லி ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். அந்தச் செயலாளர் ஒரு நீதிபதி. தலைவர், மாவட்ட நீதிபதி. காசு கேட்டாலும் அங்கேயே புகார் சொல்லலாம்.

அந்த வருடக் கடைசியில் நானும் சட்டத் தன்னார்வலராகச் சேர மனு கொடுத்தேன். பி.எல்.வி. என்பார்கள். பயிற்சி கொடுத்தார்கள். இப்போது வாரத்தில் இரண்டு அரை நாள் கடையைத் தம்பிப் பையன் ஒருவனிடம் விட்டுவிட்டு, கோர்ட் வளாகத்து அறையில் உட்காருகிறேன். அங்கே வருகிறவர்களில் 18 தாண்டிய பையன்களின் அம்மாக்கள்தான் அதிகம். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. சட்டப்படி பெரியவர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் வக்கீல் உண்டு. பிடித்த காரணத்தைத் தெரிந்துகொள்ளவும், விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கவும், வீட்டாருக்குச் சொல்லச் சொல்லவும் உரிமை உண்டு. 2022 முதல் பல மாவட்டங்களில் குற்ற வழக்குகளை மட்டுமே பார்க்க முழுநேர வக்கீல்களைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே அமர்த்தியிருக்கிறது. அவர்கள் தனியாகக் கேஸ் எடுக்கக் கூடாது.

போன மார்கழியில் ஒரு அம்மா வந்தார். மகனுக்கு ஜாமீன் கிடைத்து நாற்பது நாளாகிறது, இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான். இரண்டு ஆள் ஜாமீன், சொத்து வரி ரசீதோடு. சொத்து இருக்கிற யார் இவருக்குக் கையெழுத்துப் போடுவார்கள்? செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர். சூளை முதலாளியிடம் கேட்டு, அவர் மறுத்து, நாற்பது நாள் அங்கேயும் இங்கேயும் நடந்திருக்கிறார். ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் ஜெயில் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாக யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் மனுப் போட்டார். சொந்தப் பிணையில் விட்டார்கள். அந்த அம்மா மறுநாள் ஒரு தூக்குவாளி நிறைய அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். குற்றத்துக்கு ஆளான பிள்ளைக்கும் உண்டு. போக்சோ வழக்கு, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்ற வழக்கு என்றால், அரசு வக்கீல் இருக்கிறாரே, நமக்கு எதற்கு என்று குடும்பங்கள் இருந்துவிடுகின்றன. அந்தப் பிள்ளைக்கென்று தனியாக வக்கீல் வைத்துக்கொள்ள போக்சோ சட்டத்தின் 40வது பிரிவு வழி செய்கிறது. வசதி இல்லாவிட்டால் ஆணைக்குழு தர வேண்டும். இழப்பீடு கிடைக்கவும் அந்த அலுவலகம்தான் வழி. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவசரமாக ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது.

அக்கா மகன் விசாரணை ஐந்து மாதத்தில் முடிந்தது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து, அக்காவோடு ஒரு மணி நேரம் பேசி, தண்ணீர் கேன் முதலாளியிடமும் விசாரித்து அறிக்கை கொடுத்தார். திருட்டு வண்டி என்று தெரிந்தும் ஓட்டியது தப்பு என்று குழுமம் அவனிடம் நேராகச் சொன்னது. அவனும் ஆமாம் என்றான். அறிவுரை சொல்லி, ஆலோசனைக்கு வரச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுவருடம் அதே டி.சி.யை எடுத்துக்கொண்டு ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பில் சேர்த்தோம். எட்டாவது பாஸ் போதும் அதற்கு. தோட்டை மீட்கத்தான் அக்காவுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

2025 புரட்டாசியில் ஒரு சாயங்காலம் பையன் கடைக்கு வந்தான். கம்பெனி வேலைக்கு விண்ணப்பம், நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி. உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் இருந்ததா? அந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. “மாமா, இதுல என்ன போடறது?” என்றான். குரலே மாறிவிட்டது.

வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24வது பிரிவை அவர் பொறுமையாக விளக்கினார். குழுமம் முடித்துவைத்த அந்த வழக்கால் அவனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது, பதிவுகளையே அழிக்க வேண்டும் என்பதுதான் சட்டம் என்றார். சின்ன வயதில் நடந்த வழக்கைச் சொல்லச் சொல்வதே அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னார். “இல்லைன்னு போடு தம்பி. நாளைக்கு யாராவது கேட்டா என் நம்பரைக் குடு.”

இல்லை என்று தட்டச்சு செய்து பிரிண்ட் எடுத்தேன். பேனாவை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தான். நாலு பக்கமும் முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதன் பிறகுதான் பேனாவைக் கேட்டான்.